மன்னன் பெயர் உதிர்ந்தது!

காசிலே முகம், கோட்டை வாயிலிலே பெயர், கோயில் சுவரிலே புகழ். இவ்வளவும் போதாதென்று விண்ணிலேயும் இடம் தேடிய அரச குடும்பங்கள் உண்டு. தேடின என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. கேட்காமலே கொடுக்க ஆட்கள் இருந்தார்கள்!

1610-ல் வியாழனைச் சுற்றிவரும் நான்கு துணைக்கோள்களைக் கண்டார் கலிலியோ. புளோரன்சு நகரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் பெயரை அவற்றுக்குச் சூட்டினார். 1781-ல் யுரேனசைக் கண்டார் ஹெர்ஷல். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை அதற்குச் சூட்டினார். 1801-ல் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே புதியதொரு கோளைக் கண்டார் இத்தாலியர் ஒருவர். சிசிலியின் மன்னர் பெர்டினாண்டின் பெயரை அதன் பெயரோடு ஒட்டவைத்தார்.

மூன்று பெயர்களும் எங்கே, தோழர்களே? பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பாடப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். மெடிச்சியும் இல்லை, ஜார்ஜும் இல்லை, பெர்டினாண்டும் இல்லை. கண்டவர்களின் பெயர் நிற்கிறது; கொண்டாடப்பட்டவர்களின் பெயர் உதிர்ந்துவிட்டது. அந்த மூவரில் கடைசியானவரின் கதைதான் இது. பெயர் ஜூசெப்பே பியாட்சி. சிறுகோள் என்று இன்று நாம் அழைக்கிறோமே, அந்தக் கூட்டத்தில் முதலாவதைக் கண்டவர்.

1746 ஜூலை 16-ல், ஆல்ப்ஸ் மலையடிவாரத்து வால்தெல்லீனா பள்ளத்தாக்கில், போன்தே என்ற ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம். இளமையிலேயே தியாட்டைன் என்ற துறவியர் சபையில் சேர்ந்தார். பாதிரியாரா விண்மீனை ஆராய்ந்தார் என்று வியக்க வேண்டாம். அந்தக் காலத்து ஐரோப்பாவில் படிக்க விரும்பியவனுக்குத் திறந்திருந்த கதவுகளில் அது ஒன்று. கணிதம் கற்றார், பல ஊர்களில் கற்பித்தார், 1781-ல் சிசிலித் தீவின் பலெர்மோ நகருக்குக் கணிதப் பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

பலெர்மோவில் ஒரு வானாய்வுக் கூடம் அமைக்க வேண்டும் என்று அரசு எண்ணியது. பொறுப்பு பியாட்சியின் தலையில் விழுந்தது. அவருக்கோ கணிதம் தெரியும். வானத்தை அளந்து பழக்கமில்லை. நாற்பது வயதைத் தாண்டிய பேராசிரியர் என்ன செய்தார்? மாணவனாகப் புறப்பட்டார்! 1787-ல் பாரிசுக்குப் போய் லலாந்து என்ற விண்ணியல் அறிஞரிடம் தொழில் கற்றார். அங்கிருந்து லண்டன். ஹெர்ஷலின் மாபெரும் தொலைநோக்கியைப் பார்க்க ஏணியில் ஏறியவர் கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள்.

லண்டனில் அவர் தேடிப்போனது அரண்மனையை அல்ல, ஒரு பட்டறையை. ஜெசி ராம்ஸ்டன் என்பவரின் பட்டறை அது. ராம்ஸ்டன் சாராய விடுதி நடத்தியவரின் மகன். துணித் தொழிலில் பயிற்சியாளாக வேலை பார்த்தவர். பிறகு கருவி செய்யும் தொழிலுக்கு வந்து, கைத்திறத்தால் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றவர். அளவுகோலில் கோடு கிழிப்பதற்கே ஓர் இயந்திரம் செய்தவர். அவரிடம் ஒரு குறை உண்டு. சொன்ன நாளில் பொருளைக் கொடுக்கமாட்டார்! மனத்துக்கு நிறைவு வரும்வரை பிரித்துப் பிரித்துச் செய்துகொண்டிருப்பார். ஆண்டுக்கணக்கில் காத்துச் சலித்தவர்கள் உண்டு. பியாட்சி சலிக்கவில்லை. பட்டறை வாசலை விட்டு நகரவுமில்லை. வேலை இடையில் நின்றது, மீண்டும் தொடங்கியது, 1789 ஆகஸ்டில் முடிந்தது. ஐந்தடி விட்டமுள்ள முழு வட்டம். அதில் ஒரு தொலைநோக்கி.

முழு வட்டம் என்பதில் என்ன சிறப்பு? அதுவரை பெரும்பாலும் வட்டத்தின் கால் பகுதியை மட்டும் சட்டத்தில் பொருத்தி, விண்மீன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தார்கள். பெரிய கருவியின் சட்டம் தன் பளுவாலேயே சற்றுச் சாயும். வெயிலுக்கும் குளிருக்கும் ஒரு பக்கம் நீளும், மறு பக்கம் குறுகும். கடைசல் வேலை தெரிந்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முழு வட்டமானால், எதிரெதிர் முனைகளில் அளவு படித்து இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். மையம் சற்று விலகியிருந்தாலும் அந்தப் பிழை ஒன்றையொன்று தின்றுவிடும். நுண்ணோக்கி வைத்து அந்தக் கோடுகளைப் படித்தார் பியாட்சி.

கருவி பலெர்மோ வந்தது. அரண்மனையின் சாந்தா நின்பா கோபுர உச்சியில், 1790-ல் வானாய்வுக் கூடம் நிறுவப்பட்டது. 1791-ல் வேலை தொடங்கியது. என்ன வேலை? விண்மீன்களை எண்ணி, ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று அளந்து, பட்டியல் எழுதும் வேலை. கேட்பதற்கே சலிப்பான வேலை! முன்னோர் எழுதிவைத்த பட்டியல்கள் இருந்தன. அவற்றில் பலவற்றை ஒருமுறை பார்த்து, ஒரு தடவை குறித்து, அப்படியே விட்டிருந்தார்கள். பியாட்சி அதை ஏற்கவில்லை. ஒரு விண்மீனை ஓர் இரவு அளந்தால் போதாது. மறு இரவும், அதற்கடுத்த இரவும், குறைந்தது நான்கு இரவுகளாவது அளக்க வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. பனியிலும் காற்றிலும் கோபுரத்தின் மேலே இந்த வேலை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது.

1801 ஜனவரி 1. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் நாள் மாலை. பழைய பட்டியலில் இருந்த ஒரு விண்மீனைத் தேடினார் பியாட்சி. சோதிடர்கள் ரிஷபம் என்று சொல்லும் காளை வடிவ விண்மீன் கூட்டத்தின் பக்கம் அது. தேடிய இடத்துக்குச் சற்று முன்னால் வேறொரு மங்கலான புள்ளி. வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கல். குறித்துக்கொண்டார். வழக்கப்படி மறு இரவும் அதை அளந்தார். இடம் மாறியிருந்தது! நேற்று தவறாகக் குறித்துவிட்டோமோ என்று ஐயுற்றார். மூன்றாம் இரவு பார்த்தார், மேலும் நகர்ந்திருந்தது. நான்காம் இரவும் அப்படியே. விண்மீன் நகராது. இது விண்மீன் அல்ல.

அதிர்ஷ்டம் என்பார்கள் சிலர். அப்படி எழுதியவர்களும் உண்டு: ஏதோ தேடப் போனவருக்கு ஏதோ கிடைத்தது என்று. தோழர்களே, அன்றிரவு அந்தப் புள்ளியை வேறொருவரும் பார்த்திருக்க முடியும். பார்த்து, குறித்து, அடுத்த விண்மீனுக்குப் போயிருப்பார். அது நகர்ந்தது என்று அறிய, மறு இரவும் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறவராக இருக்க வேண்டும். பியாட்சி திரும்பி வந்தது அன்று புதிதாகத் தோன்றிய யோசனையால் அல்ல. ஒன்பது ஆண்டுகளாக நாள் தவறாமல் செய்த வழக்கத்தால். அதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைப்பது, நெய்தவன் கையை மறைத்துவிட்டு, தறி தானே நெய்தது என்று சொல்வதைப் போன்றது.

அதே நேரத்தில் ஜெர்மனியில் இந்தக் கோளுக்காகவே ஒரு வேட்டை நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கதிரவனிலிருந்து கோள்களின் தூரத்தில் ஓர் ஒழுங்கு தெரிவதாக அங்கே கண்டிருந்தார்கள். பூமியின் தூரத்தைப் 10 என்று வைத்தால், புதன் 4, வெள்ளி 7, செவ்வாய் 16, வியாழன் 52, சனி 100 என்று ஏறத்தாழப் பொருந்தி வந்தது. யுரேனசும் ஏறக்குறையப் பொருந்தியது. ஆனால் 16-க்கும் 52-க்கும் நடுவே 28 என்ற இடம் காலி! அங்கே ஒரு கோள் இருக்க வேண்டும் என்று 1800 செப்டம்பரில் லிலியந்தால் என்ற ஊரில் கூடினார்கள். வானத்தை இருபத்து நான்கு பங்காகப் பிரித்து, இருபத்து நான்கு பேருக்கு ஒப்படைப்பது என்று முடிவு செய்தார்கள். விண்ணுலகப் போலீசு என்று பெயர்கூட வந்தது. அந்தப் பட்டியலில் பியாட்சியின் பெயரும் உண்டு. அழைப்புக் கடிதம் கைக்கு வருமுன்பே கோள் கைக்கு வந்துவிட்டது!

(அந்த எண் கணக்கு பிற்காலத்தில் நெப்டியூன் விஷயத்தில் பொய்த்துப்போனது. விதி என்று நம்பியது தற்செயல் ஒற்றுமைதான் என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. நடுவே, 1801-ல் ஜெனா நகரில் தத்துவ மேதை ஹெகல் எழுதிய ஆய்வுரை ஒன்றும் உண்டு. பிளேட்டோவின் எண் வரிசையைக் காட்டி, இதுவே உண்மையான ஒழுங்கென்றால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே கோள் தேட வேண்டியதில்லை என்று அதில் எழுதினார். அவர் எழுதிய அதே ஆண்டின் தொடக்கத்திலேயே பலெர்மோவில் அதைப் பார்த்தாகிவிட்டது. எவ்வளவு பெரிய தலையானாலும் கோபுரத்தில் ஏறிப் பார்க்காவிட்டால் இந்தச் சங்கடம் உண்டு.)

பியாட்சி வெளியே என்ன சொன்னார்? வால்மீன் ஒன்றைக் கண்டேன் என்றார். ஜனவரி 24-ல் மிலான் நகரிலிருந்த நண்பர் ஒரியானிக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் மனத்தைத் திறந்தார். இதற்கு வாலோ புகைமூட்டமோ இல்லை, மெதுவாக ஒரே சீராக நகர்கிறது, வால்மீனைவிட மேலான ஒன்றாக இருக்குமோ என்று தோன்றுகிறது. ஆனால் ஊரறியச் சொல்லத் துணியவில்லை என்பது அதன் சாரம். பெர்லினுக்கும் பாரிசுக்கும் எழுதினார். முதலில் அனுப்பியது இரண்டு நாள் கணக்கை மட்டுமே. முழுக் கணக்கையும் அனுப்பவில்லை என்று வெளிநாட்டு அறிஞர்கள் சீறினார்கள். சீறியதில் நியாயமும் இருந்தது. அறிவு பொதுச் சொத்து. ஆனால் தன் உழைப்பின் பயனை மற்றவர் முந்திக்கொண்டு போய்விடுவாரோ என்ற அச்சம், உழைக்கிறவனுக்கு மட்டுமே தெரிந்த அச்சம். தாமே பாதையைக் கணக்கிட முயன்றார். இடையில் நோய் வந்தது. பிப்ரவரி 11 வரை 24 முறை அளந்திருந்தார். பிறகு கோள் கதிரவன் ஒளிக்குள் மறைந்தது. அவர் அளவுகள் முழுமையாக ஜெர்மன் இதழில் அச்சேறியபோது செப்டம்பர் ஆகிவிட்டது.

இனி அதை எங்கே தேடுவது? 41 நாள் அளவு மட்டுமே கையில். வானத்தில் அது நகர்ந்த தூரம் வெறும் மூன்று பாகை. வட்டத்தின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதை வைத்து முழுப் பாதையையும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் திணறினார்கள். அப்போது பிரன்ஸ்விக் நகரில் 24 வயது இளைஞர் ஒருவர் புதிய கணக்கு முறையோடு முன்வந்தார். தோட்ட வேலையும் கொத்து வேலையும் செய்து பிழைத்தவரின் மகன். பெயர் கார்ல் பிரீடரிக் காஸ். மற்றவர்கள் சொன்ன இடத்துக்கு வெகுதூரம் தள்ளி, இங்கே தேடுங்கள் என்றார். 1801 டிசம்பர் 31 இரவு, கோத்தா நகரில் ஃபான் ஸாக் என்ற அறிஞர் பார்த்தார். ஏறத்தாழ காஸ் சொன்ன இடத்திலேயே அது நின்றது! காணாமற்போன கோள், ஆண்டு முடியுமுன் மீண்டும் கிடைத்தது.

இனிப் பெயர்ப் படலம். பியாட்சி வைத்த பெயர் சீரஸ் பெர்டினாண்டியா. சீரஸ் என்பது ரோமானியரின் வேளாண்மைத் தெய்வம். விளைச்சலுக்குப் பெயர்பெற்ற சிசிலியின் காவல் தெய்வம். மற்றது மன்னர் பெர்டினாண்டு.

யார் இந்தப் பெர்டினாண்டு? நேப்பிள்சையும் சிசிலியையும் ஆண்டவர். 1798 முடிவில் பிரெஞ்சுப் படை வருகிறதென்றதும் நேப்பிள்சை விட்டுக் கப்பலேறிப் பலெர்மோவுக்கு ஓடிவந்தவர். 1799-ல் நேப்பிள்சில் குடியரசு மலர்ந்தது. சில மாதங்களில் வீழ்ந்தது. மீண்டும் அவர் ஆட்சி வந்ததும் குடியரசுவாதிகளைத் தூக்கு மேடைக்கு அனுப்பினார். கொல்லப்பட்டவர் நூறு பேரளவில். அவர்களில் ஒருவர் தொமெனிக்கோ சிரில்லோ, மருத்துவர், தாவரநூல் வல்லவர். எலியோனோரா பிமென்டெல் என்ற எழுத்தாளரும் ஒருவர். அறிவாளிகளைத் தூக்கிலிட்ட இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே மன்னனின் பெயரை அறிவின் பெயரால் விண்ணில் ஏற்றுவதா?

பியாட்சியைக் குறை சொல்லலாம். கூடம் மன்னனுடையது, கோபுரம் மன்னனுடையது, கருவிக்குப் பணம் மன்னனுடையது. வேறு என்ன செய்வார் என்றும் கேட்கலாம். நான் இரண்டையும் சொல்லி விடுகிறேன். ஆனால் இதையும் கேளுங்கள். பியாட்சியின் உருவம் பொறித்துப் பொற்பதக்கம் அடிக்க எண்ணினார் மன்னர். பியாட்சி வேண்டாமென்றார். அந்தப் பணத்தில் கூடத்துக்கு இன்னொரு தொலைநோக்கி வாங்கித் தாருங்கள் என்றார். மன்னனுக்கு அவர் கொடுத்தது பெயர். மன்னனிடம் அவர் கேட்டது கருவி!

பிற நாட்டு அறிஞர்கள் அந்த மன்னன் பெயரை ஏற்கவில்லை. ஒருவர் மன்னன் மற்றவருக்கு என்ன உறவு? பெர்டினாண்டியா உதிர்ந்தது. சீரஸ் நின்றது.

1802-ல் ஓல்பர்ஸ் பல்லாசைக் கண்டார். 1804-ல் ஜூனோ, 1807-ல் வெஸ்டா. ஒரே இடத்தில் இத்தனை கோள்களா? 1802-லேயே ஹெர்ஷல், இவை மிகச் சிறியவை, விண்மீன்போல் புள்ளியாகத்தான் தெரிகின்றன, கோள் என்று அழைக்க வேண்டாம் என்று ‘ஆஸ்டராய்டு’ என்ற சொல்லைக் கொடுத்தார். பியாட்சிக்கு இது கசந்தது. ‘பிளானட்டாய்டு’ என்றாவது சொல்லக் கூடாதா என்று கேட்டார். ஆயினும் ஹெர்ஷல் வைத்த சொல்லே நிலைத்தது. அரை நூற்றாண்டு கோள்களின் வரிசையில் இருந்த சீரஸ், பிறகு சிறுகோள் வரிசைக்கு இறங்கியது. 2006-ல் குறுங்கோள் என்று ஒரு படி ஏறியது. இன்று சிறுகோள்கள் பல லட்சம். அவ்வளவையும் சேர்த்து நிறுத்தால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடை, 940 கிலோமீட்டர் விட்டமுள்ள இந்தச் சீரசினுடையது. 1923-ல் கண்ட ஆயிரமாவது சிறுகோளுக்குப் பியாட்சியா என்றே பெயர் சூட்டினார்கள்.

2015 மார்ச்சில் அமெரிக்காவின் டான் விண்கலம் சீரசை அடைந்து, அதைச் சுற்றிவந்து படமெடுத்தது. பள்ளம் ஒன்றில் பளிச்சென்று வெண்மை; பார்த்தால் உப்பு! உள்ளிருந்த உப்புநீர் மேலே வந்து காய்ந்து படிந்தது. அங்குள்ள பள்ளங்களுக்கும் மலைகளுக்கும் யார் பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? பயிர்த்தொழில் தெய்வங்களும் அறுவடை விழாக்களும். அந்த உப்புப் பள்ளத்தின் பெயர் ஒக்கேட்டர். உழுத நிலத்தைப் பரம்படிப்பவன் என்று பொருள். ஒரு மலைக்கு நாகர் மக்களின் அறுவடை விழாவான அகுனாவின் பெயர். வரிசையாய் நிற்கும் பள்ளங்கள் சிலவற்றுக்குப் பொங்கல் என்று பெயர். நம் பொங்கல்தான்! பெர்டினாண்டுக்குக் கிடைக்காத இடம், உழவனின் திருநாளுக்குக் கிடைத்தது.

சீரசின் பெயர் நம் கைக்கும் வந்திருக்கிறது. 1803-ல் சுவீடனில் புதிய தனிமம் ஒன்றைக் கண்டவர்கள், புதிய கோளை நினைத்து அதற்குச் சீரியம் என்று பெயரிட்டார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மாண்டிலில் அது கலந்திருந்தது; லைட்டர் கல்லில் பொறி பறப்பதும் அதனால்தான். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் அது இருக்கிறது.

பியாட்சி சீரசோடு நின்றுவிடவில்லை. அவரே பெருமையாக எண்ணியது பட்டியலைத்தான். 1803-ல் 6,748 விண்மீன்கள். 1814-ல் திருத்திய பதிப்பில் 7,646. பிரெஞ்சுக் கழகம் பரிசளித்தது. அன்னம் என்ற விண்மீன் கூட்டத்தில் ஒரு சிறு மீன் மற்றவற்றைவிட விரைவாக இடம் மாறுவதைக் கண்டு சொன்னார். பறக்கும் மீன் என்று அதற்குப் பெயர் வந்தது. 1838-ல் பெசல் என்ற ஜெர்மானியர் அதைக் கொண்டே, ஒரு விண்மீன் எவ்வளவு தொலைவிலிருக்கிறது என்று முதன்முதலாக அளந்து வெளியிட்டார்.

வானத்தை அளந்தவர் சந்தையையும் அளந்தார். சிசிலியில் ஊருக்கொரு படி, ஊருக்கொரு எடை. ஏமாறுகிறவன் எப்போதும் ஏழை. அளவைகளைச் சீர்செய்யும் குழுவில் பியாட்சி இடம் பெற்றார். 1809 முடிவில் சட்டம் வந்தது. பழைய பெயர்களை வைத்துக்கொண்டே தீவு முழுமைக்கும் ஒரே அளவு என்றாக்கி, 1812-ல் அதற்கு நூலும் எழுதினார். அவர் வாழ்க்கை வரலாற்றில் இதைப் பலரும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கென்னவோ சீரசுக்கு அடுத்தபடி இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

1817-ல் நேப்பிள்சுக்கும் சிசிலிக்கும் வானாய்வுக் கூடங்களின் தலைவரானார். 1826 ஜூலை 22-ல் நேப்பிள்சில் மறைந்தார். வயது எண்பது. ராம்ஸ்டன் செய்த ஐந்தடி வட்டம் பலெர்மோவில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

கோபுரத்தில் அவரோடு இரவெல்லாம் விழித்திருந்த உதவியாளர் ஒருவர் உண்டு. நிக்கோலோ கச்சியாத்தோரே. பியாட்சிக்குப் பிறகு பலெர்மோ கூடத்தை நடத்தியவர். 1814 பட்டியலில் டால்பின் வடிவ விண்மீன் கூட்டத்தின் இரண்டு மீன்களுக்குச் சுவாலோசின், ரோட்டனேவ் என்று பெயர்கள் இருந்தன. எந்த மொழி, என்ன பொருள் என்று பலரும் விழித்தார்கள். வெப் என்ற ஆங்கிலேயர் ரோமன் எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தார். நிக்கோலாஸ் வெனேட்டார் என்று வந்தது. கச்சியாத்தோரே என்ற இத்தாலியச் சொல்லுக்கு வேடன் என்று பொருள். லத்தீனில் வேடனுக்கு வெனேட்டார். உதவியாளரின் பெயர்தான்! 2016-ல் உலக விண்ணியல் ஒன்றியம் அந்த இரண்டு பெயர்களையும் முறைப்படி ஏற்றுக்கொண்டது.